செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் திடல்கள்

செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் திடல்கள், ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் வடகடலோரம் அமைந்த ஏழு பொதுத் திடல்கள். கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் தாயகமாக செயின்ட் ஆண்ட்ரூஸ் நகர் கருதப்படுகிறது. கோல்ஃப் என்றதும் நமக்கு உறுப்பினர் அட்டையும் வாயிற்காவலரும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது வளர்ந்த இடமோ ஆடு மேயும் ஊர்ப் பொதுநிலம்.

மணற்பாங்கான அந்தக் கடலோரம் உழவுக்கு உதவாது. அங்கே பந்தாடவும் கால்நடை மேய்க்கவும் நகரத்தாருக்கு உள்ள உரிமையை 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுத்தில் ஏற்றார். ஆனால் 1797இல் கடனில் மூழ்கிய நகர மன்றம் நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்க்கும் வணிகர்களிடம் போயிற்று. முயல்கள் தரையைக் குடைந்தன. ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள், கைகலப்பும் நடந்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகே முயல்களின் ஆட்சி முடிந்தது. 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் துணையுடன் நகரமே அதை மீட்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை திடல்களை நிர்வகிக்கிறது. புகழ்பெற்ற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பக்கத்திலேயே இருந்தாலும் திடல்கள் அதன் சொத்தல்ல; ஆனால் பலர் அதன் சொத்து என்றே நினைக்கிறார்கள்.

ஏழில் மூத்தது ‘ஓல்டு கோர்ஸ்’. 22 குழிகளாக இருந்ததை 1764இல் 18 ஆகச் சுருக்கினார்கள். பின்னர் அந்த எண்ணிக்கையே உலக வழக்கமானது. இங்கே ஆட விரும்புவோரில் பலருக்குக் குலுக்கலில்தான் வாய்ப்புக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் இல்லை. ஊர்மக்கள் நாய்களுடன் உலாவுகிறார்கள். 1895இல் வந்த திடலுக்கு இன்றும் ‘நியூ’ என்றே பெயர். ஜூபிலி (1897), ஈடன் (1914), ஸ்ட்ராத்டைரம் (1993), காசில் (2008) ஆகியவை அடுத்தடுத்து வந்தன. பால்கோவ் 9 குழிகளே கொண்டது. சிறுவர்களும் புதியவர்களும் பழகும் இடம்.

பொதுவாக 18 குழித் திடலுக்கு 120 முதல் 200 ஏக்கர் வரை தேவைப்படும். ஏழு திருச்சுற்றுகளோடு திருவரங்கம் கோயில் பரந்திருப்பது ஏறத்தாழ 156 ஏக்கரில் என்பதை எண்ணினால் இதன் அளவு புரியும். இந்தியாவில் இந்த ஆட்டம் உறுப்பினர் கழகங்களுக்குள் அடைபட்டதற்கு நிலமும் ஒரு காரணம். 1829இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. 1895இல் தோன்றிய கொடைக்கானல் கழகமும் உறுப்பினர்களுக்கானதே. கட்டணம் செலுத்தி யாரும் ஆடக்கூடிய முதல் பொதுத் திடலை டெல்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் 2000இல்தான் திறந்தது. அதன் பெயர் குதுப் கோல்ஃப் திடல்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் புல்லை வளர்ப்பதில் பெரும்பங்கு மழைக்கு. திருச்சியின் கோடையில் அதே பசுமைக்கு நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். இத்தகைய ஊர்களில் பொதுத் திடல் அமைப்பதென்றால், ஓல்டு கோர்ஸை அல்ல, சிறிய பால்கோவையே முன்மாதிரியாகக் கொள்வது பொருந்தும்.