சிவப்பு அட்டையும் தேசியக் காரும்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, பத்து தீகா அருகே என் சாகா நடுவழியில் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவும் நானும் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான் திரும்பிக்கொண்டிருந்தோம். வெப்பமானியின் முள் மேலே ஏறியது, முன்பக்கம் ஆவி கிளம்பியது. அவசரத் தடத்தில் ஒதுக்கினேன். ரேடியேட்டரின் மேல்குழாய் நுனியில் கிழிந்திருந்தது.

தப்பு என்னுடையதுதான். குழாய் உப்பியிருக்கிறது என்று போர்மேன் அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். முப்பது வயது தாண்டிய காரில் முதலில் சாவது ரப்பர்தான். இரும்பு தாங்கும். ரப்பர் ஓட்டினாலும் தேயும், சும்மா நிறுத்தினாலும் காயும்.

"மூடியத் தொறக்காத. வெந்துருவ," என்றார் அப்பா. இன்ஜின் ஆற முக்கால் மணி நேரமாவது ஆகும். சாலையோரப் புல்லில் உட்கார்ந்தோம்.

என்னுடையது 1991ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா. இரண்டு வருடம் முன்பு நாலாயிரம் வெள்ளிக்கு வாங்கினேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த எனக்கு கார்புரேட்டரைக் கையால் தொட்டுப் பார்த்த அனுபவம் கிடையாது. இன்றைய கார்களில் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. இதில் அந்த வேலையைச் செய்வது ஒரு மிதவையும் சில நுண்துளைகளும்தான். துளையில் தூசி அடைத்தால் காடி இருமும். போர்மேன் அண்ணன் ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, எந்த இடத்தில் சத்தம் என்று சொல்லிவிடுவார். நாலு வருடப் படிப்பில் எனக்கு யாரும் இதைக் காட்டவில்லை. பாகம் கிடைக்காவிட்டால் காப்பார் சாலைப் பக்கம் உள்ள பொத்தோங் கடைகளில் தேடுவேன். அங்கே அலைந்ததில்தான் இந்தக் காரின் வரலாற்றையும் படிக்க ஆரம்பித்தேன்.

கனரகத் தொழில்களுக்காக 1980இல் அரசாங்கம் ஹைகோம் நிறுவனத்தைத் தொடங்கியது. 1983 மே மாதம் புரோட்டோன் பிறந்தது. 1985 ஜூலை 9 அன்று பிரதமர் மகாதீர் முதல் சாகாவை வெளியிட்டார். சாகா என்பது ஒரு மரத்தின் சிவப்பு விதை, நாம் ஆனைக்குன்றிமணி என்கிறோமே அதுதான். முன்பக்கச் சின்னத்தில் பிறை, பதினான்கு முனை நட்சத்திரம். ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஜப்பான். உடல் மித்சுபிஷி லான்சர் பியோரே, இன்ஜினும் மித்சுபிஷியின் ஓரியன் வகை. என்னுடையது 1468 சிசி.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தியாவின் அடையாளமாக நாம் நினைக்கும் அம்பாசிடரும் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான். எல்லோரும் கடன் வாங்கித்தான் தொடங்குகிறார்கள். சாகாவுக்கு அந்தத் தொடக்கமே சோதனையாகிவிட்டது. அது வெளிவந்த ஆண்டிலேயே மலேசியப் பொருளாதாரம் சுருங்கியது. செப்டம்பரில் பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தானதும் யென் ஏறத் தொடங்கி, சில ஆண்டுகளில் டாலருக்கு எதிராக ஏறத்தாழ இருமடங்கானது. பாகங்களை யென்னில் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனம் திணறியது. அப்படியும் தாக்குப்பிடித்து 1989இல் பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்தது. பழைய சாகாவின் வழிவந்த மாடல்கள் 2008 வரை ஓடின.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. சாலைக்கு அப்பால் இருந்த தொழிற்சாலைக் கூரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பக்கம்லாம் காடுடா. பால்மரம். எங்க தோட்டம் அந்தாண்ட."

ஷா ஆலாம் நகரமே சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட ரப்பர், செம்பனைத் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். 1967இல் நாட்டின் முதல் கார் பூட்டும் ஆலையான வோல்வோ ஆலை இங்கேதான் வந்தது. 1978இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகரானது. 1985இல் புரோட்டோன் ஆலையும் இங்கேயே எழுந்தது. எனக்கு இவை ஆண்டுகள். அப்பாவுக்கு, எந்த நிரை மரம் எப்போது சாய்ந்தது என்கிற கணக்கு.

"தாத்தா அப்ப வேலையிலதான் இருந்தாரா?"

"பெர்மிட்டுல இருந்தாரு."

அன்றுதான் அந்தச் சொல்லை முதன்முதலாக அப்பா வாயிலிருந்து கேட்டேன். 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும். 1969க்குப் பிறகு கெடுபிடி கூடியபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பலேறினார்கள். தாத்தா சின்னப் பையனாக இங்கே வந்தவர். சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமைக்கு எழுதிப்போட வாய்ப்பு இருந்தபோது அவர் கையில் காகிதமும் இல்லை, எழுதிப்போட ஆளும் இல்லை. பெர்மிட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து பால் வெட்டினார். சாகும்வரை சிவப்பு அடையாள அட்டைதான்.

"தோட்டம் மூடுனப்புறம் பண்டமாரான் வந்தோம். நான் லோரி ஓட்டுனேன். தொண்ணூத்தி நாலுல ரெண்டாங்கை சாகா வாங்குனேன். தாத்தா முன் சீட்டுல ஏறி ஒக்காந்தாரு. கிள்ளான் முழுக்க ஒரு ரவுண்டு அடிக்கச் சொன்னாரு. 'நம்ம ஊர்ல செஞ்ச காடி'ன்னு எறங்குற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாரு."

"அவரையே இந்த ஊரு சேத்துக்கலையேப்பா. ஜப்பான் காரு மொத நாளே தேசியக் காராயிடுச்சு."

அப்பா சிரித்தார். "காடிக்கு யார்றா பேப்பரு கேப்பா? வெளிய வரும்போதே நம்பர் பிளேட்டு குடுத்துருவாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் எரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, என் எரிச்சலைவிடத் தாத்தாவின் பெருமைதான் பெரிதாகத் தெரிந்தது. அவர் ஏமாளி இல்லை. தான் வெட்டிய மண்ணில்தான் அந்தக் கார் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அட்டையின் நிறத்தை மாற்ற அவரால் முடியவில்லை, 'நம்ம' என்ற சொல்லை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தச் சாகாவை அப்பா 2015இல் விற்றார். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் அது. இந்தக் காரை நான் ஏன் வாங்கினேன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இன்ஜின் ஆறியதும் குழாயின் கிழிந்த நுனியை அப்பா கத்தியால் அறுத்தெடுத்தார். மிச்சத்தை இழுத்து மாட்டி, கிளிப்பை இறுக்கினார். இரண்டு போத்தல் தண்ணீர் ஊற்றினோம். இடது தடத்தில் அறுபதைத் தாண்டாமல் கிள்ளான் வந்து சேர்ந்தோம்.

வழியில், முதல் சாகாவைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அப்பா சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஓட்டுறாங்களா, சும்மா நிப்பாட்டி வெச்சிருக்காங்களா? நிப்பாட்டுனா ரப்பர்லாம் காஞ்சிரும்டா."