ஆர்க்கிடோமீட்டர்

ஆர்க்கிடோமீட்டர் என்பது விந்தகத்தின் கன அளவைத் தொட்டுப் பார்த்தே மதிப்பிட உதவும் எளிய மருத்துவக் கருவி. ஒரே கயிற்றில் சிறிதிலிருந்து பெரிதாகக் கோத்த 12 நீள்வட்ட மணிகள், அவ்வளவுதான். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒவ்வொரு மணியிலும் அதன் கன அளவு மில்லிலிட்டரில் எழுதியிருக்கும்: 1, 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20, 25. சூரிச் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆந்திரேயா பிராடர் (1919–2001) இதை 1966-இல் அறிமுகப்படுத்தினார். ஹார்மோன் மருத்துவர்கள் தங்களுக்குள் இதை ஜெபமாலை என்று கேலியாகச் சொல்வதுண்டு.

அளக்கும்போது அறை குளிராமல் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் பயந்தாலும் விந்தகம் மேலே ஏறிக்கொள்ளும். மருத்துவர் ஒரு கையால் விதைப்பையின் தோலை மெல்ல இழுத்துப் பிடித்து விந்தகத்தைத் தடவி அறிவார். மறுகை மாலையை உருட்டி, அதே பருமனுள்ள மணியைத் தேடும். பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கை பழகாதவர்கள் அதையும் சேர்த்து அளந்துவிடுவார்கள். வலமும் இடமும் தனித்தனியே குறிக்கப்படும்.

மாலையில் முக்கியமான மணி நான்காவது. 1 முதல் 3 வரை சிறுவர் அளவு. 4 மில்லிலிட்டரை, அதாவது சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளத்தை, எட்டினால் பருவமடைதல் தொடங்கிவிட்டது என்று பொருள். வளர்ந்த ஆண்களில் பெரும்பாலோர் 15-க்கும் 25-க்கும் இடையில் இருப்பார்கள். பெண் வயதுக்கு வந்தால் ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டும் வீட்டில்கூடப் பையன் வயதுக்கு வருவது எவர் கண்ணிலும் படுவதில்லை. குரல் உடைவதும் மீசை அரும்புவதும்தான் தெரியவரும். அவை பிந்தி வருபவை. டபிள்யூ. ஏ. மார்ஷலும் ஜேம்ஸ் டானரும் 228 ஆங்கிலேயச் சிறுவர்களைத் தொடர்ந்து கவனித்து 1970-இல் வெளியிட்ட ஆய்வில், பிறப்புறுப்பு வளர்ச்சி தொடங்கும் சராசரி வயது சுமார் 11.6 என்று தெரிந்தது. 9 வயதுக்குமுன் தொடங்கினால் அது முந்திய பருவமடைதல். 14 ஆகியும் நான்காம் மணியை எட்டாவிட்டால் தாமதம். தாமதமாகும் பையன்களில் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இராது. பல வீடுகளில் அப்பாவும் அப்படித்தான் நிதானமாக வளர்ந்திருப்பார்.

கருவியின் உண்மையான பயன், வெளித்தோற்றமும் மணியும் முரண்படும் இடத்தில் தெரியும். 6 வயதுப் பையனுக்கு உடம்பில் ரோமம், தடித்த குரல், வயதை மீறிய உயரம், வளர்ந்த ஆண்குறி. விந்தகமும் பெரிதாகியிருந்தால், மூளையிலிருந்து வரும் கட்டளையே முன்கூட்டி வந்துவிட்டது என்று மருத்துவர் ஐயுறுவார். விந்தகம் 1, 2 என்றே இருந்தால் அந்த ஆண் ஹார்மோன் வேறெங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்து. அட்ரீனல் இப்படி ஆண் ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் பிறவிக் கோளாறு, பிராடர் நெடுங்காலம் ஆராய்ந்த துறை. ஹார்மோன்களை ரத்தத்தில் நுட்பமாக அளக்கும் வசதி பரவலாகாத காலத்தில், பத்து நொடி வேலையில் இவ்வளவு சொன்ன கருவிகள் அதிகமில்லை.

பருமனை ஆண்மையின் அளவாக எடுத்துக்கொள்வதுதான் இதைச் சூழ்ந்துள்ள பெரிய தவறு. விந்தகத்தின் கன அளவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் விந்தணுவை உருவாக்கும் நுண்குழல்கள். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லெய்டிக் செல்கள் அவற்றின் இடைவெளிகளில் சிறு பங்காகவே கிடக்கின்றன. ஆகவே மணி காட்டுவது முக்கியமாக விந்தணுத் தொழிற்கூடத்தின் அளவையே. ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942-இல் விவரித்த நோய்க்குறித்தொகுதி இதற்குத் தெளிவான சான்று. 1959-இல் பட்ரீசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் அதன் காரணம் ஒரு கூடுதல் எக்ஸ் குரோமோசோம் என்று கண்டனர். இத்தகையவர்களில் பலர் உயரமாக, ஆண் தோற்றத்தோடு, திருமணமாகி வாழ்பவர்கள். குழந்தை இல்லையென்று பரிசோதனைக்கு வரும்போதுதான் விந்தகம் 4, 5 மணிகளைத் தாண்டவில்லை என்பது தெரியவரும். அதுவரை எந்த மருத்துவரும் அங்கே தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். கூச்சம் இரு பக்கமும் உண்டு. கண்டறியப்படாமலே வாழ்ந்து முடிப்பவர்களே மிகுதி.

உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர் இதன் இன்னொரு வடிவம். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். புஜம் பருக்கும், விந்தகம் சுருங்கும். பெரிதாக இருப்பதும் பெருமைக்குரியதல்ல: ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபுக் குறைபாட்டில் அறிவு வளர்ச்சி பின்தங்கும், பருவமடைந்தபின் விந்தகம் 25-ஐயும் தாண்டி வளரும். விலங்குகளிடமும் பலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1981-இல் வெளியான ஒப்பீட்டின்படி, சுமார் 170 கிலோ எடையுள்ள ஆண் கொரில்லாவின் இரு விந்தகங்களும் சேர்ந்து சுமார் 30 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லாத சிம்பன்சிக்கு சுமார் 120 கிராம். ஒரே பெண்ணுடன் பல ஆண்கள் சேரும் இனத்தில் விந்தணுக்களுக்குள் போட்டி. தன் கூட்டத்துப் பெண்களைத் தனியாக வைத்திருக்கும் கொரில்லாவுக்கு அந்தத் தேவை இல்லை.

சிற்பிகளும் விந்தகத்தின் அளவில் சறுக்கியிருக்கிறார்கள். ஆய்வாளர் கிறிஸ் மெக்மேனஸ் 107 பழஞ்சிற்பங்களைப் பார்த்து 1976-இல் எழுதியபடி, வல விந்தகம் மேலே, இடது கீழே என்ற இடநிலையைக் கிரேக்கச் சிற்பிகள் சரியாகவே செதுக்கினர். ஆனால் தொங்குவதுதான் கனமானது என்று எண்ணி இடதைப் பெரிதாக்கிவிட்டனர். உண்மையில் வலதே சற்றுப் பெரியது.

பிராடருக்கு முன்பும் அளவீடு இருந்தது. 1942-இல் வில்லியம் ஷோன்ஃபெல்டும் கில்பர்ட் பீபியும் சுமார் 1,500 ஆண்களையும் சிறுவர்களையும் அளந்து, பிறப்பிலிருந்து முதிர்ச்சிவரை இயல்பு எது என்று அட்டவணை தந்தனர். அந்நாளில் குண்டுப் பையன்களுக்கு, உடல் பருமனும் வளராத பிறப்புறுப்பும் சேர்ந்து வரும் ஃப்ரோலிச் நோய் என்று தாராளமாகப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. அடிவயிற்றுக் கொழுப்பில் புதைந்ததால் ஆண்குறி சிறிதாகத் தெரியும். விந்தகத்தைத் தொட்டு அளந்திருந்தால் வயதுக்கேற்பவே இருந்திருக்கும். குழந்தைநல மருத்துவர்களிடம், ஆண்குறி சிறிதாக இருக்கிறதே என்ற கவலையோடு இன்றும் பெற்றோர் வருகிறார்கள்.

மணிகள் அல்ட்ராசவுண்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும், தோலும் சேர்ந்து கைக்கு வருவதால். சிறிய விந்தகங்களில் இந்தப் பிழை அதிகம். துல்லியம் வேண்டுமென்றால் ஸ்கேனில் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி, அதை 0.71-ஆலோ 0.52-ஆலோ பெருக்குவார்கள். எந்த எண்ணைப் பயன்படுத்தினார்கள் என்று அறியாமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. ஆறு மாத இடைவெளியில் ஒரே மருத்துவர் பார்த்து, 3 என்பது 6 ஆகியிருக்கிறதா என்று அறிய மாலையே போதும். கட்டி என்று சந்தேகம் வந்தாலோ, விரைவாதத்தில் நீர் சூழ்ந்து விதைப்பை வீங்கியிருந்தாலோ அதை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியதுதான்.