புதுச்சேரியில் அமெரிக்கக் குடும்ப வாழ்க்கை

புதுச்சேரி நகரில் வீடு அமைத்து வாழ்ந்த அமெரிக்கர்களின் அன்றாட வாழ்க்கை, பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் உருவாகி இன்றுவரை தொடர்வது. எண்ணிக்கையில் சிறியதாயினும் நகரின் கட்டடக்கலையிலும் மட்பாண்டத் தொழிலிலும் இது பதித்த தடம் பெரிது.

வகைப்பாடு

இவர்களை மூன்றாகப் பிரிக்கலாம்: அரவிந்தர் ஆசிரமத்தை நாடி வந்தோர், கைத்தொழிலில் ஊன்றியோர், நகரையடுத்த ஆரோவில் குடியிருப்பை நம்பி வந்து நகரத்தோடு கொடுக்கல் வாங்கல் கொண்டோர். மிஷனரிக் குடும்பங்கள் இதில் சேரா. 1853இல் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷனின் பங்களாக்கள் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தன. புதுச்சேரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள திண்டிவனத்தில் ஸ்கடர் குடும்பம் வாழ்ந்தது. பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் ஒரே இரவில் இறந்ததைக் கண்டு, ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்க முடிவெடுத்தது அங்கேதான். அத்தகைய குடும்பங்கள் பிள்ளைகளை 1901இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளிக்கு அனுப்பின. புதுச்சேரியிலோ பாரிஸ் மிஷனின் கத்தோலிக்கப் பாதிரிமார் முன்பே வேரூன்றியிருந்ததால், அமெரிக்கர் வேதம் போதிக்க வரவில்லை. கற்றுக்கொள்ள வந்தனர். திண்டிவனத்து வாழ்க்கைக்கும் இந்நகர வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கும்.

தொடக்க காலம்

1926இல் உருப்பெற்ற ஆசிரமத்தில் குடும்பம் என்ற அமைப்புக்கு இடமில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தாலும் இருவரும் சாதகர்களே. சமையல், துணி வெளுத்தல், வீட்டுச் செலவு எல்லாம் பொதுவில் நடந்தன. உணவுக்கூடத்தில் சோறு, பருப்பு, காய்கறி, தயிர், வாழைப்பழத்தோடு ஆசிரமத்தில் சுட்ட ரொட்டியும் கிடைத்தது. தனி அடுப்பு இல்லாத இந்த ஏற்பாட்டைக் குடும்பமின்மை என்று கொள்வதைவிட, ஆசிரமத்தை நடத்திய அன்னையைத் தலைவியாகக் கொண்ட பெரியதொரு கூட்டுக்குடும்பம் என்று கொள்வதே பொருத்தம்.

அக்குடும்பத்தில் சேர்ந்தவர்களுள் உலகறிந்தவர் மார்கரெட் வுட்ரோ வில்சன் (1886–1944). அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சனின் மூத்த மகள், பாடகி. 1914இல் தாயை இழந்தபின் சில காலம் வெள்ளை மாளிகையின் விருந்தோம்பலைக் கவனித்தவர். 1938 நவம்பர் 24ஆம் நாள் தரிசனத்துக்காகப் புதுச்சேரி வந்தார். அன்று விடியுமுன் ஸ்ரீ அரவிந்தர் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்ததால் அவருடைய தரிசனம் கிடைக்கவில்லை. அதற்காக மார்கரெட் ஊர் திரும்பிவிடவில்லை. 'நிஷ்டா' என்ற பெயரை ஏற்று, உலகப்போர் நடந்த ஆண்டுகளிலும் இங்கேயே தங்கினார். 1944 பிப்ரவரி 12இல் சிறுநீரக நோயால் இறந்து இந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மாளிகையில் விருந்தினரை வரவேற்ற பெண், கடலோரச் சிற்றூர் போன்றிருந்த ஒரு பிரெஞ்சு நகரில் நிறைவோடு வாழ்ந்து முடித்தது இவ்வரலாற்றின் உயர்ந்த பக்கம்.

கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் செக் நாட்டில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். டோக்கியோவில் தொழில் நடத்திய அவர், மனைவி நொயெமியோடும் மகனோடும் 1938இல் வந்து சில மாதங்கள் தங்கினார். ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி அவர் வரைந்தது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக நன்கொடை கிடைத்ததால் அப்பெயர். ஆனால் வேலைத்தளத்தில் நின்று கட்டடத்தை எழுப்பியவர்களுள் முதல்வர், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த ஜார்ஜ் நகாஷிமா. ஆசிரமத்தில் சேர்ந்து 'சுந்தரானந்தா' ஆன அவர் இப்பணிக்குச் சம்பளம் வாங்கவில்லை. 1939இல் அவர் கிளம்பியபின் செக் நாட்டவரான ஃப்ரான்டிசெக் சாமர் வேலையைத் தொடர்ந்தார்.

புதுச்சேரி வெக்கையில் எப்படிக் குடியிருப்பது என்ற கேள்விக்கு இவர்கள் தந்த விடையாகவே கோல்கொண்டாவைப் பார்க்க வேண்டும். வடக்கு, தெற்கு முகங்களில் கண்ணாடியே கிடையாது. திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் சுவரின் இடத்தில் நின்று காற்றை விட்டு வெயிலைத் தடுக்கின்றன. அறைகளின் தேக்குக் கதவுகள் தள்ளித் திறப்பவை, மூடினாலும் காற்றோட்டம் நிற்காது. கூரை இரட்டையானது, இடையே காற்று ஓடும். தரையில் கடப்பைக் கல். அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுப் பிடிகளும் தாழ்களும் வார்க்கப்பட்டன. நம் கூடத்துக் காற்றையும் முற்றத்தையும் அறிந்தவர்களுக்கு இக்கட்டடம் அந்நியமாகத் தோன்றாது.

பிள்ளைகளோடு வாழும் குடும்பங்கள் போர்க்காலத்தில்தான் ஆசிரமத்தில் பெருகின. அவர்களுக்காக 1943 டிசம்பர் 2இல் பள்ளி தொடங்கியது. 1947இல் வந்த அமெரிக்கச் சமஸ்கிருத அறிஞர் ஜூடித் டைபெர்க், 'ஜோதிப்பிரியா' என்ற பெயருடன் இங்கே சில காலம் வாழ்ந்து, 1953இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கிழக்கு–மேற்குப் பண்பாட்டு மையத்தை நிறுவினார்.

இணைப்புக்குப் பின்

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது. இம்மாற்றத்துக்குப் பின் அமெரிக்கக் குடிகள் இந்திய விசா விதிகளுக்கு உட்பட்டனர்.

டெபோரா ஸ்மித், ரே மீக்கர் இணையர் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச் சாலையில் வீட்டு வாழ்க்கையும் தொழிலும் பிரிக்க முடியாதபடி கலந்தன. ஜப்பானின் பிசென் ஊரில் மண்ணைப் பழகியவர் டெபோரா. உள்ளூர் ஆட்களுக்கு இருவரும் சக்கரமும் மெருகும் கற்றுக்கொடுத்தனர். சவுக்கு விறகுச் சூளையில் அவர்கள் சுட்ட தட்டும் கிண்ணமும் 'பாண்டிச்சேரி பாண்டம்' எனப் பெயர்பெற்றன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து மாணவர்கள் வந்து கற்றனர். பச்சைச் செங்கல்லால் வீட்டைக் கட்டி, உள்ளே கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாகச் சுட்டெடுக்கும் முறையையும் மீக்கர் இங்கே செய்து பார்த்தார்.

1968 பிப்ரவரி 28இல் தொடங்கிய ஆரோவில்லுக்கு வந்த அமெரிக்கக் குடும்பங்கள் மொட்டைச் செம்மண் மேட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு, மரம் நட்டு, பிள்ளை வளர்த்தன. எழுத்தாளர் ஆகாஷ் கபூர் அச்சூழலில் வளர்ந்தவர். அவருடைய தாய் அமெரிக்கர்.

இன்றைய நிலை

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இங்கே பிறக்கும் அமெரிக்கக் குழந்தையின் பிறப்பை நகராட்சியிலும், பின்னர் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலும் பெற்றோர் பதிவு செய்கின்றனர்.