யூடியூப் பார்த்து கிட்டார் கத்துக்கிறீங்களா? ‘எஃப்’ கார்டில் மாட்டி நிற்க உங்க விரல் மட்டும் காரணமில்லை!

வாங்கிய முதல் வாரம் தினமும் ரெண்டு மணி நேரம். அடுத்த மாசம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுக்கப்புறம் பைக்குள்ளே போய் பீரோ மேலே ஏறிவிடும். ஆசையாக ஆன்லைனில் ஆர்டர் போட்ட கிட்டார்கள் பலவற்றின் கதை இதுதான். எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கிலேயே கிட்டார் வைத்திருப்பவர்கள் மூன்று பேர், ஒழுங்காக வாசிப்பவர் ஒருவர். அந்த ஒருவர் நான் இல்லை. எனக்கு இப்போது இரண்டாவது முயற்சி போய்க்கொண்டிருக்கிறது.

ஏன் விட்டீங்கன்னு கேட்டால், "எனக்கு விரல் வளையலை", "நமக்கெல்லாம் இசை வராது" என்பதுதான் பதிலாக வரும். ஆனால் தானாகக் கற்பவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்தால், பக்கத்தில் ஒரு வாத்தியார் இருந்தால் ரெண்டு நிமிஷத்தில் சரியாகிற விஷயங்களாகவே இருக்கின்றன. வீடியோ நமக்குக் காட்டும், நம்மைப் பார்க்காது. அந்த வாத்தியார் வேலையை நாமே எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில் கிட்டாரைச் சந்தேகப்படுங்க

ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஸ்டீல் ஸ்டிரிங் போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் தடித்த கம்பிக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் வசதியாக இருக்கும். இதைத்தான் ‘ஆக்‌ஷன்’ என்கிறார்கள். விலை குறைந்த கிட்டார்கள் பல, பெட்டியிலிருந்து வரும்போதே இதைவிட உயரமாக இருக்கும். அப்படியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் சரியாக வராது, விரல்தான் வெட்டுப்படும்.

எஃப் கார்டு வராதவர்களுக்கு இன்னொரு சோதனை. அதே விரல் அமைப்பை அப்படியே 5-வது ஃப்ரெட்டுக்குத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அது ஏ மேஜர். அங்கே ஓரளவு எளிதாக வந்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் உயிர் போகிறது என்றால், கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் ‘நட்’டின் பள்ளம் உயரமாக இருக்கலாம். முதல் ஃப்ரெட்டில் கம்பி விறைப்பாக இருப்பது இயல்புதான், ஆனாலும் வித்தியாசம் ரொம்ப அதிகம் என்றால் கடையில் கொடுத்து ‘செட்டப்’ பண்ணித் தரச் சொல்லுங்கள். நட்டை நீங்களே அரத்தால் தேய்க்க வேண்டாம், ஒரு தடவை அதிகமாகத் தேய்ந்துவிட்டால் வேற நட்தான் போடணும்.

10-ல் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் செட் கம்பி மாற்றினாலும் அழுத்தம் குறையும். ஒரு எச்சரிக்கை: நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள். இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

அழுத்துவதில் இருக்கு விஷயம்

பெரும்பாலானவர்கள் தேவையைவிட அதிகமாக அழுத்துகிறோம். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு விரலைக் கம்பி மேல் சும்மா வைத்து, மற்ற கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ‘டொக்’ என்று அடைத்த சத்தம், அப்புறம் ‘கர்ர்’ என்ற இரைச்சல், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த ஒரு கட்டத்தில் தெளிவான ஸ்வரம். அங்கேயே நிறுத்துங்கள், அவ்வளவு அழுத்தம் போதும். விரல் ஃப்ரெட்டை ஒட்டி, அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்தால் இன்னும் குறைவான பலமே போதும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைப்பதும், ஃப்ரெட் கம்பி மேலேயே வைப்பதும்தான் இரைச்சலுக்குப் பொதுவான காரணம்.

இடது கை நகத்தை வெட்டியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீங்க, என் முதல் முயற்சியில் ஒரு மாசம் இதிலேயே போச்சு.

அடுத்தது உட்காரும் விதம். விரல் எங்கே இருக்கு என்று பார்ப்பதற்காக கிட்டாரின் முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து மடியில் படுக்கப் போடுகிறோம். அப்போது இடது மணிக்கட்டு ரொம்பவே மடங்குகிறது. கிட்டார் நேராக நிற்கட்டும், தலையை மட்டும் லேசாக எட்டிப் பார்த்தால் போதும். விரல் நுனி வலி முதல் சில வாரங்கள் இருக்கும், தோல் தடித்ததும் போய்விடும். ஆனால் மணிக்கட்டிலோ, முன்கையிலோ, கட்டைவிரல் அடியிலோ வலி வந்தாலும், விரல் மரத்துப்போனாலும் அன்றைக்கு வாசிப்பை நிறுத்த வேண்டும். ‘வலியைத் தாண்டி வாசி’ என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

தப்பையும் சேர்த்தே பழகுகிறோம்

இதுதான் இருப்பதிலேயே பெரிய பிரச்னை. பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசிப்போம். நாலாவது வரியில் தடுக்கும். "ச்சே" என்று மறுபடியும் முதலிலிருந்து. திரும்பவும் அதே நாலாவது வரி. அரை மணி நேரம் முடியும்போது ஏற்கெனவே தெரிந்த மூன்று வரியை இருபது தடவை வாசித்திருப்போம், தெரியாததைத் தப்பாகவே இருபது தடவை வாசித்திருப்போம். கைக்கு சரி, தப்பு தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

கர்நாடக இசை வகுப்புக்குப் போனவர்களுக்கு மருந்து தெரிந்திருக்கும். சரளி வரிசையை முதல் காலத்தில் நிதானமாகப் பாடி, அது நின்ற பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று போவார்கள். கிட்டாரிலும் அதேதான். தடுக்கும் அந்த ரெண்டு கார்டை மட்டும் தனியாக வெட்டி எடுங்கள். மெட்ரோனோமை 60-ல் வையுங்கள், தனி ஆப்கூட வேண்டாம், கூகுளில் மெட்ரோனோம் என்று தேடினாலே வந்துவிடும். நாலு தட்டுக்கு ஒரு கார்டு. தொடர்ந்து ஐந்து தடவை தப்பில்லாமல் வந்தால் 64, அடுத்து 68. தடுத்தால் பழையபடி கீழே இறங்குங்கள். பாடம் எடுக்கும் வீடியோவையும் யூடியூப் செட்டிங்ஸில் 0.75 அல்லது 0.5 வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் கிட்டார் பாடங்களுக்குப் பெயர் பெற்ற ஆஸ்திரேலியர் ஜஸ்டின் சாண்டர்கோ சொல்லித்தரும் ஒரு நிமிடப் பயிற்சியும் நல்ல வழி. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். இலக்கு 60. முதல் நாள் 15 வந்தாலே பரவாயில்லை.

மாற்றும்போது ஐந்து விரலையும் எடுத்துவிட்டு மறுபடி தேடுவது இன்னொரு பழக்கம். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் மட்டும் நகர்ந்தால் போதும், மற்ற ரெண்டும் அங்கேயே இருக்கலாம். ஏ மைனரிலிருந்து இ மேஜருக்கு அதே வடிவம் அப்படியே ஒரு கம்பி மேலே ஏறுகிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் செய்யும்போது வலது கை நிற்கவே கூடாது. இடது கை கார்டு தேடும் நேரத்தில் நாம் ஸ்ட்ரம்மிங்கை நிறுத்திக் காத்திருக்கிறோம். தாளம் அங்கேதான் உடைகிறது. கேட்பவர்களுக்கு ஒரு கார்டு அரைகுறையாக விழுந்தது அவ்வளவாகத் தெரியாது, தாளம் நின்றது உடனே தெரியும்.

‘இளைய நிலா’வில் தொடங்காதீங்க

தமிழ்நாட்டில் கிட்டார் வாங்கும் பலருடைய முதல் ஆசை 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் அந்தப் பாட்டுதான். இளையராஜாவே இசையமைப்பாளர் ஆவதற்கு முன் கிட்டார் வாசித்தவர். விரல் விரலாகப் பிரித்து வாசிக்கும் அந்த ஓட்டம் ஆரம்பநிலைக்கு உரியது இல்லை. மூணு, நாலு கார்டில் முடிகிற ஒரு பாட்டைக் கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் வாசித்து முடியுங்கள். பத்துப் பாட்டின் இன்ட்ரோ மட்டும் தெரிந்திருப்பதைவிட அது பெரிய விஷயம். இணையத்தில் கிடைக்கும் கார்டு ஷீட்களில் தப்பு நிறைய இருக்கும். காதுக்கு உறுத்தினால் காதை நம்புங்கள்.

ஆனால் காதை நம்ப ட்யூனிங் சரியாக இருக்கணும். தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. எண்ணிக்கை இதற்குத் தலைகீழ்: மெல்லியதுதான் முதல் கம்பி, தடித்தது ஆறாவது. இதில் குழம்பி மெல்லிய கம்பியை முறுக்கி அறுத்தவர்கள் ஏராளம். இலவச ட்யூனர் ஆப் ஒன்று போதும். சுருதிக்குக் கொஞ்சம் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்தினால் அதிக நேரம் நிற்கும்.

ஹெண்ட்ரிக்ஸுக்கு வாத்தியார் இருந்தாரா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டே தீருவார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தானாகக் கற்றவர்தான். ஆனால் தனியாக அறைக்குள் கற்றவர் இல்லை. 1966-ல் லண்டன் போய்ப் புகழ் பெறுவதற்கு முன், ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர். பக்கத்தில் எப்போதும் கேட்பதற்குக் காதுகள் இருந்தன.

நம்மிடம் இருக்கும் காது மொபைல். வாரம் ஒரு தடவை ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, மறுநாள் பாருங்கள். வாசிக்கும்போது கேட்காத இரைச்சல், மடங்கிய மணிக்கட்டு, இழுபடும் தாளம் எல்லாம் தெரியும். முதல் தடவை பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். முடிந்தால் ரெண்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் காசு கொடுத்து, கையை யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரத்தைவிட தினமும் 20 நிமிஷம் நல்லது. அதில் ட்யூனிங்குக்கு ரெண்டு நிமிஷம், கார்டு மாற்றத்துக்கு ஐந்து, தடுக்கும் இடத்துக்கு எட்டு, மிச்சம் ஜாலியாக வாசிக்க. அந்த ஜாலி ஐந்து நிமிஷத்தை வெட்டிவிடாதீர்கள், அதுக்காகத்தானே கிட்டார் வாங்கினோம்.

கிட்டாரைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள், வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி சுருதியிலும் நிற்காது.