லினக்ஸில் ஒலித் தாமதக் குறைப்பு

ஒலிவாங்கியிற் புகுந்த நாதம் கணினியினுள் எண்களாக மாறி, நிரல்களைக் கடந்து, மீண்டும் பாடுவோர் செவியை அடைவதற்குள் கழியும் காலமே தாமதம் எனப்படும். லினக்ஸில் அதைச் சுருக்கும் முயற்சி கால்நூற்றாண்டுச் சரித்திரம் உடையது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆவதால், மேடையில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்த மிருதங்க வித்வான் பாடகரின் குரலை 9 மில்லிவிநாடி பிந்தியே கேட்கிறார். கணினியும் அவ்வெல்லைக்குள் நின்றால் தாளம் பிசகாது. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற ஒருவர், காடாம்புலியூரில் தம் இல்லத்திலேயே பழைய கணினி கொண்டு பதிவு செய்ய விழைவாராயின் அவருக்கு வேண்டுவதும் இதுவே.

தொண்ணூறுகளில் லினக்ஸின் மையக்கருவான கெர்னல், ஹார்ட் டிஸ்க் முதலிய காரியங்களில் இறங்கிவிட்டால் அவை முடியும்வரை ஒலி நிரலுக்கு இடங்கொடாது. அதனால் இடையே 'டப்' என்று ஒலி அறுபடும். 1999இல் ஹங்கேரியரான இங்கோ மோல்நார் இதற்குத் திருத்தங்கள் இயற்றினார். அவற்றின் பயனைக் கண்ட ஒலி நிரலாளர் பலர், தாமதம் குறைந்த கெர்னலை வேண்டி, 2000ஆம் ஆண்டில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குக் கூட்டாக விண்ணப்பம் விடுத்தனர். இசைக்காரர் சிலரின் தேவை ஓர் இயங்குதளத்தின் அடிப்படையையே அசைத்த இந்நிகழ்ச்சியையே இச்சரித்திரத்தின் திருப்பம் என மதிக்கிறேன். பின்னர், கெர்னலின் வேலையை இடையே நிறுத்தி அவசர நிரலுக்கு இடங்கொடுக்கும்படி ராபர்ட் லவ் இயற்றிய குறுக்கீட்டு முறையும் ஆல்ஸா ஒலி அமைப்பும் 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் இடம்பெற்றன. நிரல்களைத் தம்முள் இணைக்கும் ஜாக் என்னும் சேவையைப் பால் டேவிஸ் ஆக்கினார். அப்பணியை இன்று பெரிதும் பைப்வயர் ஏற்றுள்ளது. மோல்நார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் 2004 முதல் தனித்து வளர்த்த முழு நிகழ்நேரத் திருத்தம், இருபதாண்டுப் பொறுமைக்குப் பின் 2024 நவம்பரில் 6.12 பதிப்போடு மூலக் கெர்னலிலேயே கலந்தது.

நடைமுறையில் விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கையில் 128 மாதிரி கொண்ட பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கும் நினைவிடம்) 2.7 மில்லிவிநாடிக்குச் சமம். இவ்வாறு இரண்டு பஃபர் சேர்ந்தால் 5.3 மில்லிவிநாடி. பயனரை 'ஆடியோ' குழுவிற் சேர்த்து, அக்குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமையும் நினைவகத்தைப் பூட்டும் உரிமையும் அளித்து, பிராசஸரின் வேகம் தாழாதபடி 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் நிறுத்தினாலே பெரும்பாலான இடையூறு நீங்கும். ஆதலின் புதிதாய்த் தொடங்குவோர் கெர்னலை மாற்ற விரையாமல், முதலில் இவற்றைச் செய்து, பஃபரை 256இல் வைத்துப் பாடிப் பார்த்து, ஒலி அறாத வரையில் படிப்படியாகக் குறைத்து வருக.