கிரப் துவக்கப் பட்டி உருவாக்கம்

கிரப் துவக்கப் பட்டி உருவாக்கம் என்பது, கணினியில் நிறுவப்பட்டுள்ள இயங்குதளங்களையும் லினக்ஸ் கர்னல்களையும் தேடிக் கண்டறிந்து, அவற்றுக்கான துவக்கப் பதிவுகளை கிரப் துவக்க ஏற்றியின் அமைவுக் கோப்பில் தானாக எழுதும் செயற்பாடு ஆகும். டெபியன், உபுண்டு, பாஸ் லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில் இப்பணி 'அப்டேட்-கிரப்' என்னும் கட்டளையால் செய்யப்படுகிறது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கும்போது, இப்பட்டியில் இடம்பெறாத இயங்குதளம் வன்தட்டில் பழுதின்றி இருந்தாலும் பயனர் அதனுள் வழக்கமான முறையில் நுழைய இயலாது.

பின்னணி

கிரப் 1995 இல் எரிக் போலின் என்பவரால் எழுதத் தொடங்கப்பட்டது. பின்னர் குனு திட்டத்தின் பொதியாக ஏற்கப்பட்டது. அதன் முதல் தலைமுறையில் 'மெனு.எல்எஸ்டி' என்னும் கோப்பைப் பயனர்கள் கையாலேயே திருத்தி வந்தனர். முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட கிரப் 2, உபுண்டுவின் 9.10 பதிப்பிலும் (2009) டெபியனின் 6.0 பதிப்பிலும் (2011) இயல்பிருப்பாக அமைந்தது. இதில் பயனர் திருத்தும் கோப்பும் கிரப் படிக்கும் கோப்பும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன.

தமிழகத்தில் இரட்டைத் துவக்கம்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களின் மாணவர்களுக்கு வழங்கிய இக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியதாகும். இதனால் மதுரை உட்பட மாநிலம் முழுவதும், முதன்முறையாகச் சொந்தக் கணினி பெற்ற மாணவர்கள் பலர் துவக்கப் பட்டியை எதிர்கொண்டனர். விண்டோசை மறுநிறுவல் செய்தால் இப்பட்டி மறைந்துவிடக்கூடும். அந்நிலையில் லினக்சும் அதில் சேமித்த கோப்புகளும் அழிந்துவிட்டன என்று கருதுவது தவறு.

செயற்படும் முறை

டெபியன் வகை இயங்குதளங்களில் 'அப்டேட்-கிரப்' என்பது 'கிரப்-எம்கேகான்ஃபிக்' என்னும் நிரலை அழைக்கும் சிறு கட்டளையே ஆகும். அந்நிரல் பின்வரும் வரிசையில் செயற்படுகிறது.

1. 'இடிசி' அடைவினுள் உள்ள 'டிஃபால்ட்' அடைவில் 'கிரப்' என்னும் கோப்பைப் படிக்கிறது. காத்திருக்கும் நேரம், இயல்பிருப்புப் பதிவு போன்ற விருப்பங்கள் இதில் உள்ளன.
2. 'கிரப்.டி' அடைவிலுள்ள ஸ்கிரிப்டுகளை எண் வரிசைப்படி இயக்குகிறது. இயக்க அனுமதி இல்லாதவை விடப்படும். 10 என்று தொடங்குவது லினக்ஸ் கர்னல்களையும், 30 என்று தொடங்குவது பிற இயங்குதளங்களையும் தேடுகிறது. 40 என்று தொடங்குவது பயனரின் சொந்தப் பதிவுகளுக்கானது.
3. கிடைத்த பதிவுகளைப் புதிய கோப்பொன்றில் எழுதி, தொடரியல் பிழை உள்ளதா எனச் சோதித்த பின்னரே பழைய 'கிரப்.சிஎஃப்ஜி' கோப்புக்கு மாற்றாக வைக்கிறது.

'கிரப்.சிஎஃப்ஜி' கோப்பை நேரடியாகத் திருத்துதல் கூடாது. புதிய கர்னல் நிறுவப்படும்போது இக்கட்டளை தானாக இயங்குவதால், கையால் செய்த திருத்தங்கள் அழிந்துவிடும். கோப்பை மாற்றாமல் விளைவை மட்டும் பார்க்க விரும்புவோர், நிர்வாகி உரிமையுடன் 'கிரப்-எம்கேகான்ஃபிக்' கட்டளையை வெளியீட்டுக் கோப்பின் பெயரின்றி இயக்கினால் முழு அமைவும் திரையில் காட்டப்படும்.

வழமையான சிக்கல்கள்

எண் மாறுதல்: பதிவுகள் 0 முதல் எண்ணப்படுகின்றன. ஒரு கர்னலுக்கு இயல்புப் பதிவு, மீட்புப் பதிவு என இரண்டு இருந்தால் விண்டோசின் எண் 2 ஆகும். எல்லாக் கர்னல்களும் ஒரே பட்டியில் காட்டப்படும் பதிப்புகளில், இரண்டாவது கர்னல் சேர்ந்தவுடன் விண்டோசின் எண் 4 ஆகிவிடும். இயல்பிருப்பை 2 என்று குறித்தவருக்கு அப்போது பழைய கர்னலே துவங்கும். எண்ணுக்கு மாற்றாகப் பதிவின் தலைப்பைக் குறிப்பிடுவதால் இதனைத் தவிர்க்கலாம்.

விண்டோஸ் மறுநிறுவல்: பழைய பயாஸ் முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு உரியவை. விண்டோஸ் நிறுவி அப்பகுதியைத் தன் நிரலால் நிரப்பிவிடுகிறது. இந்நிலையில் 'அப்டேட்-கிரப்' மட்டும் பயன் தராது. அது பட்டியை எழுதுமேயன்றி, துவக்க நிரலை நிறுவாது. நேரடி வட்டின் மூலம் கணினியைத் துவக்கி, லினக்ஸ் வட்டுப்பிரிவை ஏற்றி, 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையை இயக்கிய பின்னர் பட்டியைப் புதுப்பிக்க வேண்டும். விண்டோசின் வட்டுப்பிரிவு மீள்வடிவமைக்கப்பட்டால் அதன் அடையாள எண் மாறும் என்பதாலும் பட்டியைப் புதுப்பித்தல் தேவையாகிறது.

விண்டோஸ் தோன்றாமை: பிற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' நிரல், 2021 இல் வெளியான கிரப் 2.06 முதல் பாதுகாப்புக் காரணங்களுக்காக இயல்பிருப்பாக முடக்கப்பட்டுள்ளது. விருப்பக் கோப்பில் 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்' என்பதற்கு 'ஃபால்ஸ்' என்னும் மதிப்பை அளித்து, பட்டியை மீண்டும் உருவாக்கினால் விண்டோஸ் பதிவு தோன்றும்.

பிற முறைகள்

யூஇஎஃப்ஐ கணினிகளில் துவக்க ஏற்றிகள் தனி வட்டுப்பிரிவில் கோப்புகளாக வைக்கப்படுகின்றன. அவற்றின் வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதியப்படுகிறது. எனவே அவை ஒன்றையொன்று அழிப்பது குறைவு. வரிசை மாறுவதே மிகுதி. விண்டோஸ், விஸ்டா பதிப்பு முதல் துவக்கப் பதிவுகளை 'பிசிடி' என்னும் தரவகத்தில் வைத்து, 'பிசிடிஎடிட்' கட்டளையால் மாற்றுகிறது. ஃபெடோரா 30 (2019) முதல் ஒவ்வொரு கர்னலுக்கும் தனிச் சிறு கோப்பு எழுதப்படுகிறது. இதனால் கர்னல் சேரும்போதெல்லாம் முழுப் பட்டியையும் மீண்டும் உருவாக்க வேண்டியதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

பாஸ் லினக்ஸ்
டெபியன்
லினக்ஸ் கர்னல்