மலையும் அலையும்

என் இளமையில், நெல்லியாளத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், இரவு உணவு முடிந்ததும் அப்பா வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்துவிடுவார். 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அவர் தேடியது இலங்கை வானொலியை. குரல் நெருங்கும், பின் தேய்ந்து இரைச்சலில் மூழ்கும். அப்பா குமிழை இம்மியளவு திருப்புவார், குரல் மீளும். சூத்திரம் எதுவும் அறியாதவர் அவர். பல இரவுகள் கேட்டுக் கேட்டே கற்றவர்.

கம்பியில்லாத் தொடர்பின் வரலாறு இவ்விரைச்சலோடு மனிதன் நடத்திய போராட்டமே எனலாம். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, அப்பால் மணியொலிக்கச் செய்தார். 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர், இரைச்சலினூடேயும் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைவரை செய்தியைப் பிழையின்றி அனுப்ப இயலும் என்று கணிதவழி நிறுவினார்.

இன்று நம் கையிலுள்ள கைப்பேசிக்கு மலைநாட்டில் வேறொரு தொல்லையும் உண்டு. கோபுரத்திலிருந்து வரும் அலை குன்றுகளில் மோதிப் பல கூறாகப் பிரிந்து, முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றது. இக்குழப்பத்தைச் சீர்செய்யப் பொறியாளர்கள் சில அனுமானங்களின்மீது சூத்திரங்கள் அமைத்தனர். 2017-இல் ஓஷே, ஹாய்டிஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வுரை மற்றொரு வழியை விளக்கிற்று. அனுப்பிய குறியையும் வந்து சேர்ந்த குறியையும் இணையிணையாக ஆயிரக்கணக்கில் காட்டினால், கணிப்பொறி தன் பிழையைத் தானே குறைத்துக்கொண்டு, கலங்கிய அலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். இதனையே ஆழ்கற்றல் என்கின்றனர். ஷானன் வகுத்த எல்லையை இதுவும் மீறாது. அனுமானங்கள் பொய்க்குமிடத்தில் துணைநிற்கும்.

ஆயினும் பொறி தான் கண்டதையே அறியும். சமவெளி நகரத்து அலைகளை மட்டும் பயின்ற பொறி, எங்கள் பள்ளத்தாக்கில் தடுமாறக்கூடும். நள்ளிரவில் நோயாளிக்கு வண்டி அழைப்பவருக்கு அத்தடுமாற்றம் சிறிதன்று. சென்னை ஐ.ஐ.டி. முதலிய எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களம் 2022-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய ஆய்வுகளில் நம் மலைகளின் அலைகளும் அளந்து சேர்க்கப்படவேண்டும்.

அப்பாவின் விரல் நெல்லியாளத்தில் கற்றது. ஆகையால் நெல்லியாளத்தில் பயன்பட்டது.